எட்டாவது வழு

காவேரிப்பட்டணம் போகும் சாலை,
மாங்கூழ் ஆலையின் மாடி அறை.
ஆனி மாதம். கீழே தோத்தாபுரி ஏற்றிய
டிராக்டர்கள் கேட் வரைக்கும்.
சன்னலைச் சாத்தினாலும் வந்துவிடுகிறது வாசனை,
விசைப்பலகையில் நான் அடிக்காமலே
ஓர் ஈ.

சர்க்கரைப்பாகு வால்வோடு பேசும்
நிரல் நூலகம் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஊற்று என்றால் ஊற்றும், நிறுத்து என்றால் நிறுத்தும்.
இவ்வளவு சின்னப் பேச்சு
எத்தனை விதமாய்த் தவறும் என்பதுதான் வேலையே.

முதல் பதிப்பில் ஒரே வகை வைத்திருந்தேன்.
பெயர், தோல்வி.
கம்பி அறுந்தாலும் அது, கடவுச்சொல் மாறினாலும் அது,
ஓசூர் சர்வர் ஓய்ந்து படுத்தாலும் அதுவே.
எந்தப் பாடத்தில் என்று சொல்லாத
மதிப்பெண் பட்டியல்.

போன செவ்வாய் இரவு இரண்டு பத்துக்கு
திம்மராயன் போன் செய்தார்.
“மேடம், பாகு ரெண்டு வாட்டி ஊத்திடுச்சு.
நாலாம் நம்பர் தொட்டி வழியுது.”

பதிவைத் திறந்தேன்.
ஊற்று, நாற்பது லிட்டர் என்று கேட்டிருக்கிறது என் நூலகம்.
ஐந்து நொடி. பதிலில்லை.
தோல்வி என்று குறித்துக்கொண்டு
மறுபடி கேட்டிருக்கிறது, நாற்பது லிட்டர்.
வால்வுக்கு முதல் தடவையே காது கேட்டிருக்கிறது.
‘ஆச்சு’ என்று அது சொன்ன சொல்தான்
ஜெனரேட்டர் மாறிய நொடியில்
எங்கோ விழுந்துவிட்டது.

நடக்கவில்லை என்பதும்
நடந்ததா தெரியவில்லை என்பதும்
ஒரே பெயரில் குடியிருந்தன.
அந்தப் பெயரின் விலை எண்ணூறு லிட்டர் கூழ்.

பிறகுதான் உட்கார்ந்து பிரித்தேன்.
பாலக்கோட்டுப் பள்ளியில் மனப்பாடம் செய்து
மறந்ததாய் நினைத்த இலக்கணம் கைக்கு வந்தது.
முகவரியில் ஆளே இல்லையென்றால் இடவழு.
மைனஸ் நாற்பது லிட்டர் கேட்டால் வினாவழு.
பதில் வந்தும் பாதி எழுத்து உடைந்திருந்தால் விடைவழு.
நேற்றைய அனுமதிச் சீட்டோடு
இன்று வாசலில் நிற்பது காலவழு,
வணக்கம் சொல்லுமுன்பே
போய்வருகிறேன் என்பது மரபுவழு.
எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால்
பால்வழு என்று வைத்துக்கொண்டேன், இழுத்துப் பிடித்து.
திணைவழு மிஞ்சியது.
திம்மராயன் அந்த வால்வை அவன் என்பார்.
“அவன் இன்னிக்கு மொறைச்சிக்கினு இருக்கான் மேடம்.”
அதை வழுவமைதி என்று விட்டுவிட்டேன்.

ஏழும் ஆயிற்று.
செவ்வாய் இரவு ஏழிலும் அடங்கவில்லை.
விடைக்கு எட்டு வகை சொன்ன இலக்கணத்தில்
விடையே வராததற்கு இடமில்லை.
எதிரில் நிற்பவர் முகம் தெரிந்த காலத்துப் பேச்சு அது.

எட்டாவதற்கு மூன்று நாள் பெயர் தேடினேன்.
காலக்கெடு என்றால் பழி கடிகாரத்தின் மேல்.
மௌனம் என்றால் கவிதையாகிவிடும்.
சரிபார்த்த ஷாஹிதா ஓரத்தில் எழுதினாள்,
‘இதர என்று போட்டு முடி.’
அதற்குத்தான் பெரிய சண்டை.
இதர என்ற கட்டத்தில் டிக் அடித்து
கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்த யாருக்கும்
பதில் வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் வைத்தது முடிவறியாமை.
என்ன கேட்டோம், எப்போது கேட்டோம்,
எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை
அது தன்னோடு சுமந்து வரும்.
தலைக்கு மேல் ஒரு குறிப்பு:
இதைப் பிடிப்பவர் மறுபடி அனுப்பக் கூடாது.
போய்ப் பார்க்க வேண்டும்.

நேற்றிரவு அது முதல் தடவை எழும்பியது.
திரையில் மஞ்சள்.
நூலகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.
திம்மராயனை அழைத்தேன்.
“இருங்க மேடம், பாத்துட்டுச் சொல்றேன்.”
போனை வைக்காமலே நடந்தார்.
ஈரத் தரையில் ரப்பர் செருப்பு,
இரும்புப் படி, இன்னொரு படி,
யாரோ கன்னடத்தில் கேட்டதற்குத்
தெலுங்கில் ஒரு பதில்,
டார்ச் எதிலோ இடிக்கும் சத்தம்.
ஐந்து நொடி தாண்டியது. ஐம்பதும்.

அளவுக் கண்ணாடியைத் துடைக்கிறார் போல,
துணி உரசுகிறது.